விசைக் கலப்பையைப் பிடிக்கும் முறை

உழவின் பெருமையைப் பேசாத தமிழ் மன்றம் இல்லை. உழவனை வாழ்த்தாத கவியரங்கமும் இல்லை. ஆனால், இன்று உழுகின்ற கருவி எவ்வாறு இயங்குகிறது, அதனைப் பிடிப்பவர் கை கால்களோடு வீடு திரும்புவது எப்படி என்று எடுத்துச் சொல்லும் கட்டுரைகளை மாணவர் மலர்களில் காண்பது அரிது. அக்குறையை ஓரளவேனும் போக்கலாம் என்னும் எண்ணத்தால் இதனை எழுதுகிறேன்.

கார்யவட்டத்திலும் வெள்ளாயணியிலும் நகரத்துக் கல்லூரிகளிலும் பயிலும் நம்மிற் பலர் நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்தவர்கள். விடுமுறையில் ஊருக்குச் சென்றால் ஒரு வயலோ ஒரு விளையோ நமக்காகக் காத்துக் கிடக்கிறது. ஏர் பிடித்த தந்தையர்க்கு வயதாகிவிட்டது. மாடுகள் தொழுவத்தை விட்டுப் போய்விட்டன. கூலிக்கு ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. அந்த இடத்தை நிரப்பத்தான், பின்னால் நடந்துகொண்டே ஓட்டும் விசைக் கலப்பை வாடகைக்கு வந்து நிற்கிறது. பெரியதைப் ‘பவர் டில்லர்’ என்கிறோம். சிறியதைப் ‘பவர் வீடர்’ என்கிறோம். தோட்டத்தில் இதனை ஓட்ட எவரும் உரிமம் கேட்பதில்லை. கொண்டுவந்து இறக்கியவர் ஒருமுறை கயிற்றை இழுத்துக் காட்டுவார். பயிற்சி அவ்வளவில் முடிந்துவிடும். கூடவே வரும் கையேடோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். நம் வீட்டுப் பெரியோர் அதனைப் படிக்கப் போவதில்லை. படிக்கத் தெரிந்த நாமும் பொருட்படுத்துவதில்லை.

பாதுகாப்பு ஒரு பாடம், நல்ல உழவு வேறொரு பாடம் என்று பலர் எண்ணுகின்றனர். இரண்டும் ஒன்றே என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து. எந்தப் பிழை கருவியைத் துள்ள வைக்கிறதோ, அதே பிழைதான் மண்ணையும் கெடுக்கிறது. ஒரே ஓட்டத்தில் முழு ஆழத்தையும் உழுதுவிட வேண்டும் என்னும் அவசரமே அப்பிழை.

கருவி பிறந்த கதை

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் முறையை ஆஸ்திரேலியாவில் வளர்த்தவர் ஆர்தர் கிளிஃபர்டு ஹோவர்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கில்காண்ட்ரா என்னும் ஊரில், 1912ஆம் ஆண்டு, தம் தந்தையின் பண்ணையிலேயே அவர் சோதனைகளைத் தொடங்கினார். முதலில் ஒரு தொல்லை எழுந்தது. விரைந்து சுழன்ற கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி எறிந்தன. ஆங்கில ‘எல்’ எழுத்தைப் போல வளைந்த கத்திகளைச் சிறிய உருளையில் பொருத்திய பிறகுதான் அத்தொல்லை நீங்கியது. இன்று நம் விளைகளில் ஓடும் கருவியைக் கவிழ்த்துப் பார்த்தால் அதே வளைந்த கத்தியைக் காணலாம்.

ஜப்பானின் சிறு நெல் வயல்களில் இவ்வகைக் கருவி பெரிதும் பரவியது. அங்கிருந்து 1960களில் இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரில் 1967இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் துணையோடும், கேரள அரசின் காம்கோ நிறுவனம் 1973இல் தொடங்கி எர்ணாகுளம் மாவட்டத்து அத்தாணியில் குபோட்டாவின் தொழில்நுட்பத்தோடும் இவற்றைச் செய்யலாயின. ஆகவே, நம் அண்டை வீட்டிலேயே உருவாகும் கருவி இது. நமக்குப் புதுமையாய்த் தோன்ற வேண்டியதில்லை.

இருவகைக் கருவிகள்

சிறிய வகையில் பெட்ரோல் எஞ்சின் கத்திகளுக்கு நேர்மேலே அமர்ந்திருக்கும். இதற்கு விசை பெறும் சக்கரம் இல்லை, கத்திகளே கால்கள். அவை மண்ணை வெட்டிப் பின்னே தள்ளுவதால் கருவி முன்னே நடக்கிறது. பின்புறத்தில் ஓர் இரும்புக் கம்பி தரையில் ஊன்றி இழுபட்டு வரும். பலர் அதனை வேண்டாத உறுப்பென்று கழற்றி எறிந்துவிடுகின்றனர். உண்மையில் ஆழத்தையும் வேகத்தையும் அளப்பது அக்கம்பியே. கைப்பிடியைச் சற்றே கீழே அழுத்தினால் கம்பி மண்ணில் ஊன்றும். கருவியின் ஓட்டம் தடைப்படும். கத்திகள் நின்ற இடத்திலேயே ஆழமாக வெட்டும். கைப்பிடியைச் சற்றே தூக்கினால் கம்பி விடுபடும். கருவி முன்னே நகரும். அழுத்துவதும் தூக்குவதும் மாறி மாறி வரவேண்டும். கையின் வேலை அவ்வளவே. தள்ள வேண்டியதும் இல்லை, இழுக்க வேண்டியதும் இல்லை.

பெரிய வகையில் எஞ்சின் டீசலில் ஓடும்; 12 குதிரைத்திறன் அளவுடையவை பரவலாக உள்ளன. எடை 400 கிலோவுக்கும் மேல் இருக்கும். இரண்டு சக்கரங்கள் கருவியை இழுக்க, கத்தி உருளை பின்புறத்தில், ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னால் சுழலும். இடக் கைப்பிடியின் கீழும் வலக் கைப்பிடியின் கீழும் ஒவ்வொரு பிடி உண்டு. இடப் பிடியை அமுக்கினால் இடச் சக்கரத்திற்குச் செல்லும் விசை நிற்கும். கருவி இடப்புறம் திரும்பும். வலப் பிடிக்கும் அவ்வாறே. இந்தப் பிடிகளைப் பற்றிப் பின்னர் ஒரு முக்கியமான செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

கத்தி மண்ணை வெட்டும் கணக்கு

நம் வகுப்பறைக் கணக்கொன்றை இங்கே போட்டுப் பார்ப்போம். கத்தி உருளை நிமிடத்திற்கு 200 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்க. ஒரு சுற்றுக்கு 0.3 நொடி ஆகும். கருவி நொடிக்கு அரை மீட்டர், அதாவது மெல்ல நடக்கும் வேகத்தில், முன்னேறினால் ஒரு சுற்றுக்குள் 15 செ.மீ. நகர்ந்துவிடும். ஒரே தடத்தில் இரண்டு கத்திகள் இருப்பின், ஒவ்வொரு கத்தியும் 7.5 செ.மீ. பருமனுள்ள மண்துண்டை வெட்டும். முன்னேறும் வேகத்தைப் பாதியாக்கினால் துண்டின் பருமனும் பாதியாகும். எஞ்சினை முடுக்காமலே, மெதுவான கியரில் சென்றாலே மண் நன்கு பொலபொலவென்றாகும் என்பது இதிலிருந்து விளங்கும்.

அடுத்து, கத்தி நுனியின் வேகம். உருளையின் ஆரம் 20 செ.மீ. ஆயின் நுனி நொடிக்கு ஏறத்தாழ 4.2 மீட்டர் ஓடுகிறது. கருவி நகரும் வேகத்தைப் போல் எட்டு மடங்கு அது. இளகிய மண்ணில் கத்தி வழுக்கி வெட்டுவதால் இந்த வேற்றுமை நமக்குத் தெரிவதில்லை. ஆனால், புதைந்த பாறையிலோ காய்ந்த கட்டாந்தரையிலோ கத்தி மோதும்போது வெட்ட இயலாமல் சக்கரம் போலப் பற்றிக்கொள்கிறது. அப்போது கருவி, கத்தி நுனியின் வேகத்தில் ஓட முயல்கிறது. உடனே அவ்வேகத்தை எட்டாது என்றாலும், நாம் திகைத்து நிற்கும் அரை நொடிக்குள் ஓர் எட்டுத் தூரம் பாய்ந்துவிடும். கைப்பிடியை இறுகப் பற்றியிருப்பவர் அதனோடு இழுபட்டு விழுவார். “டில்லர் துள்ளுகிறது” என்று ஊரில் சொல்வது இதனையே. எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. வெட்ட முடியாத மண்ணை வெட்டச் சொன்னதே கோளாறு.

மண்ணின் பதம்

திருவனந்தபுரத்து மண் ஒரே தன்மையது அன்று. வெள்ளாயணிப் பக்கம் ஆழமான செம்மண். மேட்டு நிலங்களில் செம்புறை மண், சரளை நிறைந்தது, ஈரத்தில் இளகும், காய்ந்தால் இரும்பாகும். இம்மண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘லேட்டரைட்’ என்னும் பெயரே கேரளத்தில் பிறந்ததுதான். மலப்புரம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் இதனைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயரை 1807இல் வெளியான நூலில் சூட்டினார். வெட்டி எடுத்து வீடு கட்டும் கல்லும் இதுவே. கோடையில் இதன் மேல் விசைக் கலப்பையை ஓட்டுவது வீட்டுச் சுவரை உழுவது போன்றது.

மழை விட்ட அன்றே உழுவதும் தவறு. மிகுந்த ஈரத்தில் கத்தி மண்ணை வெட்டாமல் மெழுகுவது போல் தேய்க்கிறது. மேலே சேறு கட்டியாகிக் காயும். கீழே கத்தி தொட்ட மட்டத்தில் இறுகிய ஒரு தட்டு உண்டாகும். நீரும் வேரும் அத்தட்டைத் தாண்டுவது கடினம். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுதாலும் இத்தீங்கு நேரும்.

ஆகவே, பதம் பார்க்க வேண்டும். உழ வேண்டிய ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தாலோ, விரலால் தட்டியும் உருண்டை உடையாவிட்டாலோ, இரண்டொரு நாள் பொறுக்க வேண்டும். உருண்டையே பிடிக்க வராமல் தூளாக உதிர்ந்தால் மண் மிகக் காய்ந்துவிட்டது. உருண்டை பிடிக்க வந்து, தட்டியவுடன் உதிருமாயின் அதுவே தக்க பதம். இடவப்பாதி என்று மலையாளிகள் சொல்லும் ஜூன் மாத மழைக்கு முன், ஏப்ரல், மே மாதங்களில் பெய்யும் கோடை மழையையொட்டி இப்பதம் வாய்க்கும்.

மண்ணைப் புழுதியாக்குவதும் வேண்டாம். பொடிந்த மண் முதல் மழையில் மேலே ஓடு கட்டும். சரிவாயின் ஓடையோடு போய்விடும். உழுத மண்ணை நன்றாக உலரவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாதே பயிர் விளையும் என்றும், உழுவதினும் எருவிடுதல் நன்று என்றும் வள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறிய கருத்துகளை இங்கே நினைக்கலாம். உழுதலோடு உழவு முடிந்துவிடவில்லை என்பதே அவற்றின் சாரம்.

தொடங்குமுன்

முதலில் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். கல், தேங்காய் மட்டை, உடைந்த புட்டி, கம்பி, பழந்துணி, நைலான் கயிறு ஆகியவற்றைப் பொறுக்கி எறியுங்கள். குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் எங்கே புதைந்துள்ளன என்று வீட்டாரைக் கேளுங்கள். தென்னையின் வேர்கள் அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டர் ஆரத்திற்குள் மிகுதியாக இருக்கும். அவ்வட்டத்திற்குள் கருவி நுழைய வேண்டாம். அங்கே மண்வெட்டியே போதும்.

அடுத்து உடை. வேட்டியும் கைலியும் நமக்கு அழகுதான். சுழலும் கத்தியின் முன்னால் அவை கயிறாகிவிடும். தோளில் துண்டு, தளர்ந்த துப்பட்டா, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் யாவும் அவ்வாறே. கால்சட்டையும் கெட்டியான பூட்சும் அணிந்து, இல்லையேல் கருவியைத் தொடாமலிருங்கள். வெறுங்காலோடு ஏர் பிடித்த வழக்கம் இங்கே உதவாது. மாடு காலைக் கண்டால் ஒதுங்கும்; கத்தி ஒதுங்காது. சிறுவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் பத்து மீட்டர் தள்ளி நிற்கட்டும். கத்தி கல்லை எறியும்.

பின்பு கருவி. எஞ்சின் ஆயில் அளவு, கத்தியின் போல்ட்டுகள், மேல்மூடித் தகடு ஆகிய மூன்றையும் பாருங்கள். கத்தியின் கூர்முனை மண்ணை முதலில் தொடும்படி பொருத்தியிருக்க வேண்டும். இடமும் வலமும் மாற்றிப் பூட்டுவது அடிக்கடி நேரும் பிழை. பெட்ரோல் ஊற்றுவது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான். பீடியும் சிகரெட்டும் அருகில் ஆகாது. கதவடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கிக் கொல்லும் ஆற்றல் மட்டும் உண்டு.

சிறிய கருவிகளிற் பலவற்றில், கையை எடுத்தவுடன் கத்தி நின்றுவிடும்படி ஒரு பிடி அமைத்திருக்கிறார்கள். கை வலிக்கிறதென்று அதனைச் சணலால் கட்டிவிட்டு உழுவது எங்கள் ஊர்ப்பக்கம் நான் பலமுறை கண்ட காட்சி. ஓட்டுபவர் கால் இடறி விழும் நாளுக்காகவே அப்பிடி வைக்கப்பட்டது. அதனைக் கட்டிவிட்டால், விழுந்தவரை விட்டுவிட்டுக் கருவி மட்டும் தொடர்ந்து உழும். மாமாவாயினும் பெரியப்பாவாயினும், அந்தச் சணலை அவிழ்க்கும்படி பணிவோடு சொல்ல வேண்டியது நம் கடமை.

உழும்போது

ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. நம் கார்யவட்டத்திற்கு அது மிக அருகில். நாம் மரச்சீனி என்றும், பிற மாவட்டத்தார் மரவள்ளி என்றும் சொல்லும் கிழங்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் திருவிதாங்கூரில் பரப்பிய பயிர் அது. அதற்கு 20 முதல் 25 செ.மீ. ஆழம் மண் இளகியிருக்க வேண்டும். இவ்வாழத்தை ஒரே ஓட்டத்தில் எட்ட முயல்வதுதான் நான் முன்னே சொன்ன அவசரம். எஞ்சின் திணறும், ஓட்டுபவர் முடுக்குவார், கத்தி அடிமண்ணில் மோதித் துள்ளும், கட்டி கட்டியாக மண் பெயரும்.

முறையான வழி இது: முதல் ஓட்டத்தில் 7 அல்லது 8 செ.மீ. மட்டும் உழுக. இரண்டாம் ஓட்டம் முதல் ஓட்டத்திற்குக் குறுக்காக, 15 செ.மீ. வரை. மூன்றாம் ஓட்டத்தில் முழு ஆழம். புல் அடர்ந்த இடமாயின் முன்பே அறுத்துவிட வேண்டும். இல்லையேல் புல்லும் கொடியும் உருளையில் சுற்றிக்கொள்ளும். சாலை இட்டுச் சாலை அருகிலேயே திரும்புவதைவிட, ஒரு சாலை விட்டு மறு சாலையில் திரும்புவது எளிது. திருப்பத்திற்கு இடம் கிடைக்கும். திரும்பும்போது எஞ்சின் வேகத்தைக் குறைத்து, கத்தியின் சுழற்சியை நிறுத்திவிட்டே திரும்புக.

மூன்று ஓட்டத்திற்கு நேரம் மிகும், வாடகை மிகும் என்பர். உண்மைதான். ஆனால், ஒரே ஓட்டத்தில் பெயர்ந்த கட்டிகளை உடைக்க மறுபடியும் ஓட்டத்தானே வேண்டியிருக்கிறது?

பின்னோக்கும்போது

இக்கருவியில் மிகப் பெரும் ஆபத்து முன்னே செல்வதில் இல்லை. பின்னே வருவதில் இருக்கிறது. பின்னோக்கு கியரில் கத்தியும் கருவியும் ஓட்டுபவரின் கால்களை நோக்கி வருகின்றன. அவர் பின்னால் ஒரு தென்னையோ மதிலோ வரப்போ இருந்தால் விலக இடமில்லை. மேலும், முன்னே செல்லும்போது சக்கரத்தின் எதிர்விசை கைப்பிடியைக் கீழே அழுத்துகிறது. பின்னோக்கும்போது அதே எதிர்விசை கைப்பிடியை மேலே தூக்குகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை நாம் தேர்வில் எழுதியிருக்கிறோம். அது இங்கே நெஞ்சிலும் தாடையிலும் வந்து மோதும். ஆகவே, பின்னோக்குமுன் திரும்பிப் பாருங்கள், கத்தியை நிறுத்துங்கள், எஞ்சினைத் தணியுங்கள், பிறகு கிளட்ச்சை மெல்ல விடுங்கள். பெரிய கருவிகளிற் பின்னோக்கு கியரும் கத்தியும் ஒருங்கே இயங்காதபடி தடையமைப்பு உண்டு. அதனைக் கழற்றித் தரும் மெக்கானிக் நமக்கு நண்பர் அல்லர்.

சரிவில் ஒரு விந்தை

இப்போது அந்தக் கைப்பிடிச் செய்திக்கு வருவோம். சமநிலத்தில் இடப் பிடியை அமுக்கினால் கருவி இடப்புறம் திரும்பும் என்றேன். செங்குத்தான இறக்கத்தில் இது தலைகீழாகும். இறக்கத்தில் எஞ்சின் சக்கரங்களை ஓட்டுவதில்லை. அவற்றைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடப் பிடியை அமுக்கினால் இடச் சக்கரம் அப்பிடிப்பிலிருந்து விடுபட்டு விரைந்து உருளும். வலச் சக்கரம் தயங்கும். கருவி வலப்புறம் திரும்பிவிடும். இதனை அறியாதவர் திகைத்து இன்னும் இறுக்கி அமுக்குவார்; கருவி இன்னும் மிகுதியாகத் தவறான பக்கம் பாயும். டிரெய்லரைப் பூட்டி இறக்கத்தில் வரும்போது இது உயிருக்கே தீங்காகலாம். மேடும் பள்ளமுமான இம்மாவட்டத்தில் இதனை அறியாமல் ஒருவரும் பெரிய டில்லரைப் பிடிக்கலாகாது. இறக்கத்தில் அப்பிடிகளைத் தொடாதீர்கள். உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொண்டு, கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள். நடுவழியில் கியர் மாற்ற வேண்டாம்.

சரிந்த விளையை மேலிருந்து கீழாக உழாமல் குறுக்காக உழுங்கள். ஒவ்வொரு சாலும் மழைநீருக்கு ஒரு சிறு வரப்பாகும், மண்ணும் தங்கும். தட்டுத் தட்டான நிலத்தில் விளிம்பிலிருந்து இரண்டடியாவது விட்டே உழுங்கள். நிற்கவே தடுமாறும் சரிவாயின் அங்கே மண்வெட்டிதான் தக்க கருவி.

அதிர்வும் ஓய்வும்

காயம் கண்ணுக்குத் தெரியும். அதிர்வின் தீங்கு உடனே தெரியாது. ஆண்டுக்கணக்கில் அதிரும் பிடியைப் பற்றியவர்க்கு விரல் வெளுத்தலும் மரத்தலும் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட கை அதிர்வு 2.5 அலகைக் கடந்தால் தற்காப்பு வேண்டும். 5 அலகைக் கடக்கவே கூடாது. இங்கே அலகு என்பது நொடி வர்க்கத்திற்கு ஒரு மீட்டர். ஒரு கருவியின் பிடியில் அதிர்வு 8 அலகு என்று கொண்டால், முதல் எல்லை 47 நிமிடத்தில் வந்துவிடும். இரண்டாம் எல்லை மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேல். காலை முதல் மாலை வரை ஒருவரே ஓட்டலாகாது என்பதை இக்கணக்கே சொல்லும். இருவர் மாறி மாறி ஓட்டுக. பிடியை இறுக்கி நெரிக்காமல் இலேசாகப் பற்றுக. இரைச்சலுக்குக் காதடைப்பானும் வைத்துக்கொள்க.

உருளையில் கொடி சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்துங்கள். பெட்ரோல் கருவியாயின் ஸ்பார்க் பிளக்கின் வயரையும் கழற்றுங்கள். கத்தி முற்றிலும் நின்ற பிறகே கையை நீட்டுங்கள். கிளட்ச்சை விட்டுவிட்டோமே என்று ஓடும் எஞ்சினின் கீழ்க் கை வைப்பது விரலைப் பணயம் வைப்பதாகும்.

நாம் செய்யத்தக்கது

தோழர்களே! மேற்கூறியவற்றில் நமக்கு விளங்காதது ஒன்றுமில்லை. வேகம், எதிர்விசை, ஈரம், அதிர்வு இவையெல்லாம் நம் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. நமக்கு விளங்கியது, கைப்பிடியைப் பிடித்திருப்பவர்க்கு விளங்கும் மொழியில் போய்ச் சேரவில்லை, குறை அங்கேதான். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு தாளில் பெரிய எழுத்தில் கீழ்க்கண்ட ஐந்து வரிகளை எழுதி, கருவி நிற்கும் கொட்டகையின் கதவில் ஒட்டிவையுங்கள். படிக்க இயலாத முதியவர்க்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

1. பிடி மண் உதிரும் பதத்தில் உழு.
2. மூன்று ஓட்டத்தில் ஆழம் போ.
3. பின்னோக்குமுன் திரும்பிப் பார்; கத்தியை நிறுத்து.
4. இறக்கத்தில் திருப்பும் பிடியைத் தொடாதே.
5. எஞ்சினை நிறுத்தாமல் கத்தியைத் தொடாதே.

தமிழில் விஞ்ஞானம் வளரவேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். கொட்டகைக் கதவில் ஒட்டிய இந்த ஒரு தாளும் அவ்வளர்ச்சியில் ஒரு பங்குதான். அதனைப் படித்த ஒருவரின் கால் விரல்கள் பத்தும் பத்தாகவே இருக்குமானால், நாம் படித்த படிப்புக்கு அது போதிய பயன்.